ரசனை ஒத்துவராத இருவர் சேர்ந்து பாட்டுக் கட்ட முடியுமா?

சமரசம்வேண்டாம் | மார்ச் 3, காலை 10.12

முடியாது என்பது என் கட்சி. ஒருவர் கர்நாடக சங்கீதத்தில் வளர்ந்தவர், ராகத்துக்கு வெளியே ஒரு சுரம் வந்தாலும் முகம் சுளிப்பவர். மற்றவர் மெட்டல் கிட்டார் வாசிப்பவர், டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) இல்லாவிட்டால் அது ஒலியே இல்லை என்பவர். இவர்கள் ஒரு பாட்டில் உட்கார்ந்தால் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்பார்கள். கடைசியில் வருவது இரண்டு பேருமே கேட்கமாட்டாத ஒரு பாட்டு. இல்லை, கற்றுக்கொள்ளலாம் என்பவர்கள் என்ன கற்கலாம், எப்படிக் கற்கலாம் என்று செய்முறையோடு சொல்லுங்கள். "மனம் திறந்து பழகுங்கள்" வகை அறிவுரை வேண்டாம்.

நாலுகட்டை | மார்ச் 3, பகல் 1.30

பாதிக்குப் பாதி விட்டுக்கொடுத்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். ஆகவே விட்டுக்கொடுப்பதை ஒரு முறையாகவே வைத்துக்கொள்ளக் கூடாது.

பாட்டை அடுக்குகளாகப் பிரியுங்கள்: மெட்டு, சொல், தாளக்கட்டு, கார்ட் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), அமைப்பு. அமைப்பு என்றால் எந்த வாத்தியம் எப்போது நுழைகிறது, எப்போது நிற்கிறது என்பது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரே ஆள் பொறுப்பு. அந்த அடுக்கில் அவர் சொல்வதே முடிவு. மற்றவர் யோசனை சொல்லலாம், தடுக்க முடியாது. அடுத்த பாட்டில் பொறுப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். ராகக்காரர் தாளக்கட்டையும் அமைப்பையும் எடுக்கட்டும், மெட்டல்காரர் மெட்டை எடுக்கட்டும். கற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாட்டில்தான். முதல் பாட்டில் அவரவர் தெரிந்ததைச் செய்திருப்பார்கள், அவ்வளவுதான்.

"பிடிக்கவில்லை" என்பதற்குள் அநேகமாக அளக்கக்கூடிய ஒன்று இருக்கும். வேகம், சுருதி, கார்ட் மாறும் இடைவெளி, வரியின் முதல் எழுத்து எந்த அடியில் விழுகிறது, வரிக்கும் வரிக்கும் நடுவே எவ்வளவு மௌனம்: இவற்றில் ஒன்று. "இந்த இடம் இழுவை" என்று ஒருவர் சொன்னால் உடனே வேகத்தைக் கூட்டாதீர்கள். கார்ட் எத்தனை பார் (தாள அடிகளின் ஒரு தொகுதி) நிற்கிறது என்று முதலில் எண்ணுங்கள். 80 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 80 அடி), நான்கு அடி கொண்ட ஒரு பார் 3 விநாடி. ஒரே கார்ட் நான்கு பார் நின்றால் 12 விநாடி. தம்புராவுக்குப் பழகிய காதுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பாப் பழகிய காது இரண்டாவது பாரிலேயே அடுத்தது எங்கே என்று தேடும். வேகத்தைத் தொடாமல் பேஸை (அடியில் ஒலிக்கும் கீழ்ச் சுரத்தை) மட்டும் இரண்டு பாருக்கு ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேயே அடங்கும்.

தாழ்கம்பி | மார்ச் 3, இரவு 9.05

வேகத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். "70 போதும்", "இல்லை, 140 வேண்டும்" என்று இரண்டு பேர் வாதிட்டால் அநேகமாக இருவரும் ஒரே வேகத்தைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் டிரம்மில் ஸ்நேர் விழும் இடத்தை வைத்து எண்ணுகிறார், மற்றவர் அதைவிட நெருக்கமாக விழும் ஹை-ஹாட் தட்டை வைத்து எண்ணுகிறார். மெட்ரோனோமைப் போட்டு இருவரும் ஒரே நேரத்தில் கை தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சமரசம்வேண்டாம் | மார்ச் 4, காலை 8.40

அடுக்காகப் பிரிக்கலாம், சரி. அடுக்குகள் ஒன்றையொன்று கெடுத்தால்? மெட்டு ஹிந்தோளம். கிட்டார்காரர் தன் அடுக்கில் பவர் கார்ட் வைக்கிறார். அவர் சொல்வதே முடிவு என்றால் ராகம் போச்சு.

நாலுகட்டை | மார்ச் 4, காலை 11.15

நல்ல கேள்வி, நல்ல ராகம். ஹிந்தோளம் ச க ம த நி. காந்தாரமும் தைவதமும் நிஷாதமும் கோமளமாக நிற்கும் (சாதாரண காந்தாரம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம்), மத்யமம் சுத்தம். பஞ்சமம் கிடையாது, ரிஷபம் கிடையாது. பவர் கார்ட் என்பது ஒரு சுரமும் அதன் பஞ்சமமும். ஐந்து சுரத்திலும் வைத்துப் பாருங்கள்:

க மேல் வைத்தால் க–நி. ராகத்துக்குள்.
ம மேல் ம–ச. உள்ளே.
த மேல் த–க. உள்ளே.
நி மேல் நி–ம. உள்ளே.
ச மேல் ச–ப. இது ஒன்றுதான் வெளியே.

ஐந்தில் நான்கு தாராளமாகப் போகும். ஆனால் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) என்றாலே கிட்டார்காரர் கை முதலில் போவது ஆதார சுரத்தின் பவர் கார்டுக்குத்தான், அதனால்தான் "மெட்டல் ராகத்தைக் கொல்கிறது" என்று தோன்றுகிறது. கொல்வது அந்த ஒரே ஒரு கார்ட். ச வரும் இடத்தில் ச–ம என்று நாலாம் சுரத்தைச் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

தாழ்கம்பி | மார்ச் 4, மாலை 6.20

கடைசி வரியைத் திருத்துகிறேன். சுத்தமான ஒலியில் ச–ம சரி. டிஸ்டார்ஷனில் சரிவராது. இரண்டு சுரம் டிஸ்டார்ஷனுக்குள் போனால் அவற்றின் அதிர்வெண் வித்தியாசமும் ஒரு சுரமாகக் கேட்கும். ச–ம விகிதம் 3:4. வித்தியாசம் 1, அதாவது அந்த மத்யமத்துக்கு இரண்டு ஸ்தாயி கீழே இன்னொரு மத்யமம். காது அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும், பாடுபவர் ச பிடித்தாலும் பாட்டு ம-வில் நிற்பதுபோல் ஆகிவிடும். ச–ப விகிதம் 2:3. அதன் வித்தியாசம் கீழ் ச, அதனால்தான் பவர் கார்ட் அவ்வளவு உறுதியாக ஒலிக்கிறது.

ஹிந்தோளத்தில் டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால் ச வரும் இடத்தில் ச–மேல் ச என்று ஸ்தாயியை மட்டும் வாசியுங்கள். நடுக் கம்பியை விரலால் அடக்க வேண்டும். குறிப்பாக ட்ராப் டி டியூனிங்கில் கவனம்: கீழ் மூன்று கம்பி டி, ஏ, டி. பாடுபவர் 2 கட்டை (ச டி-யில்) என்றால் திறந்த கம்பிகளை ஒரு இழுப்பு இழுத்தாலே ச–ப–ச வந்துவிடும். ஏ கம்பி ஊமையாக இருக்க வேண்டும்.

நாலுகட்டை | மார்ச் 4, இரவு 10.02

ஏற்கிறேன், ஸ்தாயிதான் சரியான வழி. ச–ம சுத்தமான கிட்டாருக்கும் பியானோவுக்கும் மட்டும்.

இதில் யார் என்ன கற்றார் என்றும் பாருங்கள். கிட்டார்காரர் ஒரு சுரம் இல்லாமலிருப்பதும் ஒரு அடையாளம் என்று கற்கிறார். ராகக்காரர் "கார்ட் வேண்டாம்" என்று மொத்தமாக மறுக்காமல் "அந்த ஒன்று வேண்டாம்" என்று சொல்லக் கற்கிறார். மறுப்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேலை நடக்கும்.

கல்யாணிக்கும் ஒரு குறிப்பு, ஏனென்றால் கணினியில் இசை செய்பவர்களோடு சேரும்போது இதுதான் அடிக்கடி வரும். அவர்கள் கைவசம் நாலு கார்ட் சுழற்சி ஒன்று இருக்கும்: ச மேஜர், ப மேஜர், த மைனர், ம மேஜர். முதல் மூன்றும் கல்யாணிக்குள் வரும். நாலாவது சுத்த மத்யமத்தின் மேலேயே நிற்கிறது. கல்யாணியின் உயிர் பிரதி மத்யமம். அந்த இடத்தில் ரி மேஜர் வைக்கலாம், அதன் நடுச் சுரமே பிரதி மத்யமம். ஆனால் ரி மேஜருக்குப் பிறகு ப மேஜர் வந்தால் ப ஆதாரமாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். கல்யாணியில் பஞ்சமத்தை ஷட்ஜமமாக வைத்து கிரக பேதம் செய்தால் சங்கராபரணம் வருகிறதல்லவா, அதுதான் தானாகவே நடக்கிறது. தடுக்க ஒரே வழி: பேஸை ச-விலேயே நிறுத்தி வைத்து மேலே ரி மேஜர் வாசித்து, நேராக ச மேஜருக்குத் திரும்புவது.

சொற்கட்டு | மார்ச் 5, காலை 7.50

எல்லோரும் சுரத்திலேயே நிற்கிறீர்கள். சேர்ந்து எழுதும்போது முதல் விரிசல் சொல்லில்தான் விழுகிறது.

ஆங்கிலப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர் மெட்டுப் போட்டால் அழுத்தத்தை வைத்துப் போடுவார். தமிழில் அழுத்தத்தைவிட அளவுதான் கணக்கு: குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, ஒற்று அரை. நீள்கிற சுரத்தில் குறிலை வைத்தால் வேறு சொல்லாகிவிடும். படம் பாடமாகும், விடு வீடாகும், கொடு கோடாகும். மெட்டுக்காரரிடம் இதை இலக்கணமாகச் சொன்னால் எரிச்சல்தான் வரும். தத்தகாரம் கேளுங்கள். அவர் மெட்டைத் "தன தான தந்தன" என்று பாடிப் பதிவு செய்து தரட்டும். நீங்கள் அதைக் குறில்–நெடில் கோடாக எழுதிக்கொண்டு, எந்தச் சுரத்தின் நீளம் மாறக் கூடாது, எது மாறலாம் என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள். மாறக் கூடாதவை நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

குறில் சொல்லை நீட்டியே ஆகவேண்டுமென்றால் மெல்லினத்திலோ இடையினத்திலோ நில்லுங்கள். "மனம்" நீள வேண்டுமா, ன-வை இழுக்காதீர்கள், வாயை மூடி "ம்"மில் நில்லுங்கள். "கடல்" என்றால் "ல்". வல்லின ஒற்றில் நிற்க முடியாது, காற்று அடைபட்டுவிடும். வரி முடிவில் குற்றியலுகரம் வந்தாலும் கவனம். "வந்து", "காற்று" போன்றவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரை. அதன்மேல் நாலு அடி நீளச் சுரத்தை வைத்தால் "காற்றூ" என்று கேட்கும். பல்லவியின் கடைசிச் சுரம் நீளமானது என்று தெரிந்தால் நெடிலிலோ ம், ன், ல்லிலோ முடியும் சொல்லை முதலில் தேடிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எழுதுங்கள்.

சமரசம்வேண்டாம் | மார்ச் 5, பகல் 12.30

கூட இருப்பவர் ராப் எழுதுபவர் என்றால்? அங்கே நீட்டலே இல்லையே.

சொற்கட்டு | மார்ச் 5, இரவு 8.45

அங்கே சண்டை வேறு. ராப் பழகியவர் வரி முடிவில் ஒலி ஒத்துவர வேண்டும் என்பார், அது இயைபு. மரபுப் பாட்டெழுதிப் பழகியவர் எதுகை இல்லாவிட்டால் வரி நிற்கவில்லை என்பார். இரண்டும் வரியின் இரண்டு முனைகள், மோதவே வேண்டியதில்லை. எதுகைச் சொல்லைப் பாரின் முதல் தாள அடியில் வையுங்கள், இயைபை நாலாவது தாள அடியில் வையுங்கள். உதாரணத்துக்கு:

கட்டிய சுவரில் கதவொன்று வரைந்தேன்
தட்டிய கையில் தழும்பாய் உறைந்தேன்

கட்டிய–தட்டிய எதுகை, வரைந்தேன்–உறைந்தேன் இயைபு. வரிக்குள் மோனையும் விழுந்திருக்கிறது, அது தாளத்துக்கு உள் அழுத்தம் கொடுக்கும்.

இயைபில் ஒரு பொறி உண்டு. தமிழில் வினைமுற்று விகுதியே ஒலி ஒத்துவரும். "வந்தேன், நின்றேன், சொன்னேன்" என்று எட்டு வரியும் "ஏன்" என முடிந்தால் அது ஒரே விகுதி எட்டு முறை வருவது, அவ்வளவுதான். விகுதிக்கு முந்தின அசையும் சேர்ந்து ஒத்தால்தான் கணக்கில் சேருங்கள். இதை ராப் எழுதுபவர்கள் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் காது ஏற்கெனவே பல அசை ஒத்துவருவதைத் தேடிப் பழகியது.

அடர்த்தியையும் எண்ணிக்கொள்ளுங்கள். 90 பிபிஎம்மில் ஒரு பார் சுமார் 2.7 விநாடி, பதினாறு கட்டங்கள். பதினாறு உயிர்மெய் போடலாம் என்று நினைக்காதீர்கள். "பட்டு", "கத்தி" போன்ற இரட்டித்த வல்லினம் நடுவில் ஒரு கட்டத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். வல்லினம் நிறைந்த வரியில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் திணித்தால் ஒற்று விழுங்கப்பட்டு "படு", "கதி" என்று ஒலிக்கும்.

நாலுகட்டை | மார்ச் 6, காலை 6.55

முதல் அடி என்று சொற்கட்டு சொன்னதும் எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) நினைவுக்கு வந்தது. கணினியில் இசை கோப்பவரோடு வேலை செய்பவர்கள் இதை அவசியம் படியுங்கள்.

ஆதி தாளத்தில் பாட்டு சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) தொடங்காமல் ஒன்றரை இடம் தள்ளித் தொடங்குகிறது என்று வையுங்கள். பாடுபவர் தாளம் போட்டுக்கொண்டே பாடிப் பதிவு செய்து அனுப்புகிறார். பெற்றவர் முன்னால் இருக்கும் மௌனத்தை வெட்டிவிட்டு, முதல் எழுத்தைக் கொண்டுபோய் ஒன்றாவது பாரின் தொடக்கத்தில் வைக்கிறார். டிரம் எல்லாம் ஒன்றரை அடி இடம் மாறிவிடும். அவருக்கு அது பொருந்துவதாகவே கேட்கும், ஏனென்றால் அவர் அந்தப் பாட்டைக் கேட்டதே அப்படித்தான். பாடுபவருக்கு எங்கோ உதைக்கும், ஆனால் "பீட் சரியில்லை" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. இது ரசனைச் சண்டையாக வளர்ந்து பாட்டே நின்றுபோகும்.

வழி: பதிவின் தொடக்கத்தில் ஒரு ஆவர்த்தனம், எட்டு அடியும், வாயால் எண்ணுங்கள். பெறுபவர் சமத்தில் வெட்ட வேண்டும். 80 பிபிஎம் என்றால் முதல் பாரில் 1.125 விநாடி குரல் இல்லாமல் இருக்கும், அந்த மௌனம் பாட்டின் பகுதி. ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் என்பது நான்கடி பார் இரண்டு, அதனால் அமைப்பு கெடாது.

ஏழு அடி கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் கணக்கு கொஞ்சம் கூடும். ஏழும் நான்கும் சேரும் இடம் 28. அதாவது மிஸ்ர சாபு நாலு ஆவர்த்தனம், நான்கடி பார் ஏழு. நேரான கிக் டிரம் வேண்டும் என்பவரை அப்படியே நாலுக்கு நாலு அடிக்க விடுங்கள், ஏழு பாருக்கு ஒருமுறை இருவரும் சமத்தில் சந்திப்பார்கள். எட்டு பார் பகுதி என்ற பழக்கத்தை மட்டும் அவர் விட வேண்டும். எட்டு வைத்தால் நாலு அடி மிஞ்சி அடுத்த பகுதி முழுக்கத் தள்ளிப்போகும். எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இது. இரண்டு பேரும் தங்கள் கணக்கிலேயே இருக்கிறார்கள், கேட்பவருக்கு மூன்றாவதாக ஒரு நடை கிடைக்கிறது.

தாழ்கம்பி | மார்ச் 6, இரவு 7.30

கோப்பு அனுப்புவதில் கெடுபவை, சுருக்கமாக.

எம்பி3 அனுப்பாதீர்கள். குறியாக்கத்தில் தொடக்கத்தில் சிறு மௌனம் சேரும். லூப் ஆகப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் இடறும். 24 பிட் வேவ் கோப்பு, எல்லாத் தடமும் ஒன்றாவது பாரிலிருந்தே தொடங்க வேண்டும், நடுவில் நுழையும் குரல்கூட. கோப்பின் பெயரிலேயே வேகம், சுருதி, தேதி.

சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) இருவரிடமும் ஒன்றாக இருக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவை மாற்றாமல் 48 ஆக ஓட்டினால் வேகம் சுமார் 9 சதவீதம் கூடும், சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை அரைச்சுரம் ஏறும். "உன் பாட்டு என் கிட்டாரோடு சேரவில்லை" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீடியோ அழைப்பில் சேர்ந்து வாசிக்க முயல வேண்டாம். ஒலி போய்ச் சேரும் தாமதம் 30 மில்லி விநாடியைத் தாண்டினாலே இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்து வேகம் குறைந்துகொண்டே போகும். அழைப்பில் பேசலாம், ஒருவர் நாலு பார் வாசித்து முடித்தபின் மற்றவர் நாலு பார் வாசிக்கலாம்.

நாலுகட்டை | மார்ச் 7, காலை 9.10

சுருதி பற்றித் தாழ்கம்பி தொட்டதால் ஒன்று. தம்புராவும் பியானோவும் ஒரே கட்டையில் இருந்தும் ஏதோ உறுத்துகிறது என்றால், அந்தர காந்தாரத்தைப் பாருங்கள். தம்புராவிலிருந்து இயல்பாக எழும் காந்தாரம் 386 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), பியானோவின் காந்தாரம் 400. பதினாலு சென்ட் வித்தியாசம், நீளமாக நிற்கும் கார்டில் நன்றாகக் கேட்கும். பியானோக்காரர் காந்தாரத்தை விட்டுவிட்டு ச–ப மட்டும் வாசிக்கட்டும், அல்லது கார்ட் வரும் பகுதியில் தம்புராவின் ஒலி அளவைக் குறையுங்கள். தோடி போன்ற ராகத்தில் காந்தாரம் அசைந்துகொண்டே இருக்கும், அங்கே பியானோ எந்தக் காந்தாரத்தில் நின்றாலும் மோதும். பாடகர் அசைக்கும் சுரத்தை வாத்தியம் பிடித்து நிற்கக் கூடாது. இந்த ஒரு விதியை எழுதி ஒட்டிவைத்தாலே பாதிக் கார்டுகள் தாமாகச் சரியாகும்.

சமரசம்வேண்டாம் | மார்ச் 8, காலை 10.00

என் கட்சியைக் கொஞ்சம் சுருக்குகிறேன். ஒரே அறையில், ஒரே நேரத்தில், எல்லாவற்றையும் சேர்ந்து முடிவு செய்ய முடியாது. அடுக்குப் பொறுப்பு இருந்தால் முடியலாம். ஆனால் தொடங்குவது எப்படி? வெற்றுத் தாளோடு இரண்டு பேர் உட்கார்ந்தால் அவரவர் பழக்கம்தானே வரும்.

சொற்கட்டு | மார்ச் 8, மாலை 4.15

ஒரே அறை அவசியமே இல்லை. எல்டன் ஜானும் பெர்னி டாபினும் 1967 முதல் அப்படித்தான்: டாபின் சொல்லை எழுதிக் கொடுப்பார், எல்டன் ஜான் தனியே பியானோவில் மெட்டமைப்பார். நம் திரையிசையில் பெரும்பாலும் நேர்மாறு, மெட்டு முதலில், சொல் பிறகு. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். மெட்டுக்கு எழுதிப் பழகியவர் சொல்லை முதலில் கொடுத்தால் வரிகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறாக வரும். அதைச் சமமாக்கிக் கொடுக்காதீர்கள். அந்த ஏற்ற இறக்கம்தான் மெட்டுக்காரரை அவருடைய வழக்கமான நாலு பாரிலிருந்து வெளியே இழுக்கும்.

நாலுகட்டை | மார்ச் 8, இரவு 9.50

தொடங்குவதற்கு ஒரு முறை. ஆளுக்கு மூன்று பதிவுகள் கொண்டுவாருங்கள், மற்றவர் கேட்கவே மாட்டார் என்று நினைப்பவையாக. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இடம், நிமிடமும் விநாடியும் குறித்து, அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு வரி. "நல்ல உணர்வு" என்று எழுதக் கூடாது. "48ஆவது விநாடியில் டிரம் நிற்கிறது, இரண்டு பார் குரல் மட்டும், பிறகு பேஸ் தனியாக வருகிறது" என்று எழுத வேண்டும். பிறகு மற்றவருடைய குறிப்பிலிருந்து ஒன்றை எடுத்து உங்கள் வாத்தியத்தில், உங்கள் ராகத்தில் செய்யுங்கள். எடுப்பது உத்தியை மட்டும், மெட்டையோ வரியையோ அல்ல.

அடுத்தது, மற்றவர் ரசிக்கும் பதிவிலிருந்து எட்டு பாரைக் காதால் கேட்டு முழுசாக எழுதுங்கள்: டிரம், பேஸ், கார்ட், குரல் எங்கே மூச்சு விடுகிறது என்பது வரை. இது சலிப்பான வேலை, ஆனால் இதைச் செய்யாமல் மெட்டலை "வெறும் சத்தம்" என்றும் ஆலாபனையை "வெறும் இழுவை" என்றும் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எழுதிப் பார்த்தவருக்குத் தெரியும், அந்தச் சத்தத்துக்குள் வலது கை எவ்வளவு கணக்காக ஊமையாக்குகிறது என்று.

இரண்டு வடிவங்களை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே அதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். கார்டையும் வேகத்தையும் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது, எது சரிசெய்தது என்று தெரியாது.

தாழ்கம்பி | மார்ச் 9, காலை 8.05

பங்கை அன்றன்றே எழுதிவிடுங்கள். சொல் யாருடையது, மெட்டு யாருடையது, எத்தனை சதவீதம், தேதி, இருவர் கையெழுத்து. பாட்டு என்ற படைப்பும் அதன் ஒலிப்பதிவும் வேறு வேறு உரிமை, இரண்டையும் தாளில் தனித்தனி வரியாக எழுதுங்கள். ரிஃப் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். குரலை எடுத்துவிட்டு ரிஃபை மட்டும் வாசித்தாலும் பாட்டு அடையாளம் தெரிந்தால் அது மெட்டில் சேரவேண்டும் என்பது என் நிலை. பின்னணியில் நிரப்புவது மட்டும் என்றால் அமைப்பில் சேரும்.

சமரசம்வேண்டாம் | மார்ச் 9, பகல் 1.20

எல்லாம் செய்தும் ஒரு பகுதி ஒட்டவே இல்லை என்றால் எப்போது விடுவது?

நாலுகட்டை | மார்ச் 9, இரவு 10.30

பொறுப்பாளர் தன் அடுக்கில் மூன்று வெவ்வேறு வடிவம் கொடுக்க வேண்டும். மூன்றிலும் மற்றவர் அதே பாரில், அதே குறையைச் சொன்னால் குறை அந்த அடுக்கில் இல்லை, கீழே இருக்கும் அடுக்கில் இருக்கிறது. கார்டை மூன்று விதமாக மாற்றியும் ஐந்தாவது பார் உறுத்தினால் மெட்டின் ஐந்தாவது பாரைப் பாருங்கள். மெட்டை மாற்றியும் உறுத்தினால் சொல்லைப் பாருங்கள், அங்கே ஒரு குறில் நீண்டிருக்கும்.

மூன்று வடிவத்திலும் குறை வெவ்வேறு பாரில் வந்தால் அது இரண்டு பாட்டு. மெட்டையும் சொல்லையும் தம்புராவோடு ஒரு கோப்பாகவும், ரிஃபையும் டிரம்மையும் இன்னொரு கோப்பாகவும் தனித்தனியே சேமியுங்கள். பங்குத் தாளையும் இரண்டாக எழுதுங்கள். ரிஃபின் மேல் மெட்டல்காரர் தானே ஒரு மெட்டுப் போடட்டும், ராகக்காரர் தன் மெட்டுக்குத் தானே தாளக்கட்டு வைக்கட்டும்.

சொற்கட்டு | மார்ச் 10, காலை 7.15

சொல்லை மட்டும் இரண்டு கோப்பிலும் போடாதீர்கள். பிற்பாடு இரண்டில் ஒன்று வெளியானால் மற்றது அதே வரிகளோடு நிற்கும், அப்புறம் யாராலும் தொட முடியாது.